மேஜை விரிப்பு கெடுவது சாப்பிடும்போது அல்ல, அதற்கு அப்புறம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

என்னிடம் ஒரு வெள்ளை மேஜை விரிப்பு இருக்கிறது. கெட்டியான பருத்தி, ஓரம் முழுக்கக் கையால் போட்ட பின்னல். ஒரு விருந்து முடிந்து அதை எடுத்துப் பார்த்தேன், ஒரு பொட்டுக் கறைகூட இல்லை. சரி, சுத்தமாகத்தானே இருக்கிறது என்று துவைக்காமல் மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். எட்டு மாதம் கழித்து விரித்தால் நடுவில் மூன்று இடத்தில் பழுப்பு வட்டம், தேநீர் கொட்டிக் காய்ந்தது மாதிரி. அன்றைக்கு யாரும் தேநீரே குடிக்கவில்லை. சிந்தியது வெளிர்நிறப் பழச்சாறு. நிறம் இல்லாததால் காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது, ஆனால் அதிலிருந்த சர்க்கரை நூலுக்குள்ளேயே உட்கார்ந்து, நாள்பட நாள்படக் காற்றோடு சேர்ந்து பழுப்பாகிவிட்டது.

அதற்கப்புறம்தான் மேஜைத் துணிகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கவனித்ததில் எனக்குத் தெளிவான விஷயம் ஒன்று: விரிப்பும் நாப்கினும் சாப்பாட்டு மேஜையில் கெடுவது குறைவு. சிந்தியதும் நாம் பதறிப்போய்ச் செய்வது, துவைக்கும்போது காட்டும் சூடு, அலமாரியில் வைக்கும் விதம், இந்த மூன்றில்தான் பெரும்பாலான துணிகள் வீணாகின்றன.

முதலில் அளவைப் பற்றி, ஏனென்றால் அதில் தவறினால் திருத்த வழியே இல்லை. மேஜையை அளக்காமல் "ஆறு பேர் உட்காரும் மேஜை" என்று சொல்லி வாங்குகிறோம். ஆறு பேர் மேஜை எல்லாம் ஒரே நீளம் இல்லை. டேப் எடுத்து நீளம், அகலம் இரண்டையும் அளந்து, இரண்டு பக்கமும் தொங்க வேண்டிய அளவைக் கூட்டிக்கொள்ளுங்கள். வீட்டு உபயோகத்துக்கு 15 முதல் 30 செ.மீ. வரை தொங்கினால் போதும். 150 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் உள்ள மேஜைக்கு 20 செ.மீ. தொங்க வேண்டும் என்றால் விரிப்பு 190க்கு 130 இருக்க வேண்டும். வட்ட மேஜைக்கும் இதே கணக்குதான், விட்டத்தோடு இரண்டு தொங்கலைக் கூட்டினால் சரி. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், சுருக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. முன்கூட்டியே சுருக்கப்படாத பருத்தியும், ஆளிச்செடியின் நாரில் நெய்யும் லினனும் முதல் சலவையில் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். 190 செ.மீ. துணி 180க்கு வந்துவிடும், 20 செ.மீ. தொங்கல் 15 ஆகிவிடும். 15 போதும் என்று கணக்குப் போட்டு வாங்கியவருக்கு 10தான் மிஞ்சும், துணி மேஜையை மூடாமல் எட்டிப் பார்க்கிற மாதிரி நிற்கும். துணியோடு வரும் துண்டுச்சீட்டில் முன்கூட்டியே சுருக்கியது என்று போட்டிருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள்.

தொங்கல் அதிகமாவதும் ஆபத்துதான். தவழ்ந்து, பிடித்து எழுந்து நிற்கப் பழகும் குழந்தை வீட்டில் இருந்தால் தொங்கும் விரிப்பையே தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். குழந்தையின் கைக்கு முதலில் எட்டுவது அந்த ஓரம்தான், இழுத்தால் மேலே இருக்கும் சூடான காபியும் கூடவே வரும். பெரியவர்களுக்கு ஒரு சுரீர் என்று போகிற சூடு குழந்தையின் தோலில் ஆழமான காயமாகிவிடும். கிளிப் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள், நான் அதை நம்பமாட்டேன். இரண்டு வருடத்துக்கு டேபிள் மேட் மட்டும் வைத்துக்கொண்டு, சூடான பாத்திரங்களை மேஜையின் நடுவில் வையுங்கள்.

மரத்துக்கு விரிப்பு மட்டும் பாதுகாப்பு ஆகாது

விரிப்பு போட்டிருக்கிறதே என்று சூடான பாத்திரத்தை நேராக அதன்மேல் வைப்பது அடிக்கடி நடக்கிற தவறு. ஒற்றைத் துணி சூட்டைத் தடுக்காது. துணியில் ஈரமும் இருந்தால் சூடு அந்த ஈரத்தை ஆவியாக்கி மரத்தின் மேல்பூச்சுக்குள் தள்ளிவிடும், மறுநாள் வெள்ளை வெள்ளையாக வட்டம் தெரியும். பாத்திரத்துக்கு அடியில் எப்போதும் தடிமனான தாங்கி வேண்டும். விரிப்புக்கு அடியில் ஒரு கெட்டியான பருத்தித் துணியோ, இழைகளை அழுத்திச் செய்யும் தடித்த ஃபெல்ட் விரிப்போ போடுவது இன்னும் நல்லது. துணி வழுக்காது, தட்டு வைக்கும் சத்தம் குறையும், சிந்தியது மரத்துக்குப் போகக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பிளாஸ்டிக் விரிப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். துடைத்தால் போதும் என்ற வசதி உண்மைதான், ஆனால் வார்னிஷ் போட்ட மரத்தின்மேல் அதை நேராக மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். பிவிசி என்ற அந்த பிளாஸ்டிக் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பொருள்கள் மெல்லக் கசிந்து வார்னிஷை இளக்கிவிடும், ஒருநாள் எடுக்கும்போது விரிப்பு மேஜையோடு ஒட்டிக்கொண்டு வரும். அடியில் துணி ஒட்டிய வகையை வாங்குங்கள், அப்போதும் அடிக்கடி எடுத்துக் காற்றாட விடுங்கள். துணி விரிப்பின்மேல் கண்ணாடி போடுகிறவர்களுக்கும் இதே சங்கடம் உண்டு. ஓரம் வழியாக உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே பூசணம் பிடிக்கும்.

சிந்தியதும் முதல் ஐந்து நிமிடம்

ஏதாவது சிந்தினால் எல்லார் கையும் தானாகத் தேய்க்கத்தான் போகும். தேய்த்தால் கறை பரவும், நூலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும், துணியின் மேற்பரப்பும் பஞ்சு பஞ்சாகிவிடும். கறை போன பிறகும் அந்த இடம் மட்டும் மங்கலாகத் தெரிவது இதனால்தான். சுத்தமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்தி ஒற்றி எடுங்கள், வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. பிறகு துணியைத் திருப்பிப் பிடித்து, கறையின் பின்பக்கத்தில் குழாய்த் தண்ணீர் விழும்படி காட்டுங்கள். எந்த வழியாக உள்ளே போனதோ அந்த வழியாகவே வெளியே வரட்டும். முன்பக்கமாக ஊற்றினால் கறையை முழுத் துணிக்குள்ளும் தள்ளிவிடுவீர்கள்.

உப்பைக் கொட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உப்பு ஈரத்தைக் கொஞ்சம் இழுக்கும், கறை பரவுவதைக் குறைக்கும், அவ்வளவுதான். உப்பைத் தூவிவிட்டு இரண்டு மணி நேரம் மறந்துபோவது, எதுவும் செய்யாமல் விடுவதைவிடப் பெரிதாக நல்லது இல்லை.

அடுத்தது, எல்லாக் கறைக்கும் ஒரே வைத்தியம் செய்வது. பால், முட்டை, ரத்தம் இதெல்லாம் புரதம், இதற்குப் பச்சைத்தண்ணீர்தான். சூடான தண்ணீர் பட்டால் முட்டை வேகும்போது கெட்டியாகிற மாதிரியே புரதம் நூலைப் பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். எண்ணெய்க்கறைக்குத் தண்ணீர் முதலில் வேண்டாம், பாத்திரம் கழுவும் திரவத்தைக் காய்ந்த கறையின்மேலேயே இரண்டு சொட்டு விட்டு விரலால் மெல்லத் தடவி, பத்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான தண்ணீரில் அலசுங்கள். தேநீர், காபி, பழச்சாறு, ஒயின் இவற்றின் கறைக்குக் கட்டிச் சோப்பைப் போட்டுத் தேய்க்காதீர்கள், சோப்பு அந்த நிறத்தை நூலில் இன்னும் அழுத்தமாகப் பிடிக்க வைக்கும். திரவ டிடர்ஜென்ட் நல்லது. பால் கலந்த காபி என்றால் இரண்டு வகையும் சேர்ந்தது, அதனால் பச்சைத்தண்ணீரில் ஆரம்பிப்பதுதான் பத்திரம்.

மெழுகுவர்த்தி உருகி விழுந்தால் அவசரப்படவே வேண்டாம். சூடாக இருக்கும்போது துடைத்தால் பரவும். ஆறட்டும், வேண்டுமானால் ஐஸ் கட்டியை ஒரு பையில் போட்டு மேலே வையுங்கள். கெட்டியானதும் கரண்டியின் ஓரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு மெல்லிய உறிஞ்சு காகிதங்களுக்கு நடுவில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால் மெழுகு காகிதத்துக்கு ஏறிவிடும். காகிதத்தை மாற்றி மாற்றி வையுங்கள்.

சூடுதான் கறைக்குப் போடும் முத்திரை

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். துவைத்ததும், துணி ஈரமாக இருக்கும்போதே, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறை லேசாகத் தெரிந்தாலும் டிரையரில் போடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். இன்னொரு முறை ஊறவைத்துத் துவைத்தால் போய்விடக்கூடிய கறை, சூடு பட்டதும் நூலோடு ஒன்றாகிவிடும். ஈரத் துணியில் சில கறைகள் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்வதால், சந்தேகம் இருந்தால் கொடியில் நிழலில் காயவிட்டு மறுபடியும் ஒருமுறை பாருங்கள்.

கறை போகவில்லை என்று குளோரின் ப்ளீச்சை எடுப்பது அடுத்த தவறு. அடிக்கடி போட்டால் பருத்தி, லினன் இரண்டின் நூலும் பலமிழந்து, மடிப்பில் கிழிய ஆரம்பிக்கும். இரும்புத் துருக்கறையில் போட்டால் கறை இன்னும் மோசமாகும். ப்ளீச்சோடு வினிகரையோ அம்மோனியா உள்ள எதையுமோ சேர்க்கவே கூடாது, நச்சுவாயு வரும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வெள்ளைப் பருத்திக்கும் லினனுக்கும் ஆக்சிஜன் ப்ளீச் போதும், சோடியம் பெர்கார்பனேட் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும். ஆரம்பத்தில் சொன்ன என் விரிப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் அதைக் கரைத்து இரவு முழுக்க ஊறவைத்தேன். இரண்டு வட்டம் முழுதாகப் போய்விட்டது, மூன்றாவது வெளிறிய நிழலாக இன்னும் இருக்கிறது. அந்த இடத்தில் பூச்சாடி வைக்கிறேன்.

நாப்கினுக்குத் துணி மென்மையூட்டி போடுவதும் வேண்டாத வேலை. அது நூலின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து உறிஞ்சும் தன்மையைக் குறைத்துவிடும், வாயைத் துடைத்தால் ஈரம் அப்படியே வழுக்கிக்கொண்டு போகும். புது நாப்கின்கள் தண்ணீரை உறிஞ்சாததற்குக் காரணம் நெசவின்போதும் அதற்குப் பின்னும் போடும் பசைதான், இரண்டு மூன்று முறை துவைத்தால் சரியாகிவிடும். துவைத்தும் சரியாகவில்லை என்றால் அது பாலியஸ்டராக இருக்கலாம். பாலியஸ்டர் விரிப்புக்குப் பரவாயில்லை, சுருங்காது, இஸ்திரி வேலையும் குறைவு. நாப்கினுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீரை உறிஞ்சாது, எண்ணெயை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளும்.

அடர்சிவப்பு, கருநீலம் போன்ற புதுத் துணிகளை விரிப்பதற்கு முன், ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத் துவைக்க வேண்டிய துணி அது. வெள்ளை விரிப்பின்மேல் சிவப்பு ரன்னர், அதாவது நடுவில் நீளவாக்கில் போடும் பட்டைத் துணி, போட்டு, அதன்மேல் தண்ணீர் கொட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இஸ்திரி விஷயத்தில் துண்டுச்சீட்டில் உள்ள பெட்டிப் படத்தில் எத்தனை புள்ளி என்று பாருங்கள். ஒரு புள்ளி குறைந்த சூடு, இரண்டு மிதமான சூடு, மூன்று அதிகச் சூடு. லினன் மூன்று புள்ளியைத் தாங்கும், பாலியஸ்டர் அந்தச் சூட்டில் இளகிப் பளபளவென்று ஆகிவிடும். லினனை முழுதாகக் காயவிட்டு அப்புறம் இஸ்திரி போடப் போனால் கைதான் வலிக்கும், சுருக்கம் போகாது. லேசான ஈரம் இருக்கும்போதே எடுத்துப் போடுங்கள். பூவேலை உள்ள இடத்தை ஒரு தடித்த துண்டின்மேல் கவிழ்த்து, பின்பக்கமாகப் போட்டால் வேலைப்பாடு தட்டையாகாமல் எழும்பி நிற்கும்.

அலமாரிக்குள் நடப்பது

வைப்பதற்கு முன் துவைக்க வேண்டும், கறை தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். ஒரே ஒருமுறை விரித்ததாக இருந்தாலும் சரி. அதைவிடப் பலருக்குத் தெரியாத விஷயம் கஞ்சி. கஞ்சி போட்டு மொடமொடவென்று மடித்து வைத்தால் எடுத்ததும் விரிக்கலாம் என்று நினைப்போம், ஆனால் மாவுச்சத்தைத் தேடி ராமபாணப் பூச்சி வரும், நாள்பட்டால் துணியும் மஞ்சளாகும், விறைத்த நூல் மடிப்பில் உடையும். கஞ்சியை விரிக்கும் நாளுக்கு முன்னால் போட்டுக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவைப்பதும் வேண்டாம். கொஞ்சம் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டாலும் பூசணம்தான். மேல்பூச்சு போடாத மர அலமாரித் தட்டும் அட்டைப்பெட்டியும்கூட மெல்ல அமிலத்தை வெளிவிட்டுத் துணியில் மஞ்சள் கோடு போடும். பழைய வெள்ளைப் பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றைத் துவைத்து, அதில் சுற்றி வையுங்கள், துணி மூச்சு விடும், தூசியும் படாது. பெரிய லினன் விரிப்பாக இருந்தால், தடித்த உருளைமேல் பருத்தித் துணியைச் சுற்றி அதன்மேல் சுருட்டி வைப்பது மடிப்பதைவிட நல்லது.

மடித்துத்தான் வைக்க முடியும் என்றால் ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் மடிக்காதீர்கள். பழைய லினன் விரிப்புகள் பெரும்பாலும் கிழிவது நடுவில் சிலுவை மாதிரி, அது வருடக்கணக்கில் நாலாக மடித்த கோடு. மடிப்பின்மேல் இஸ்திரியை அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம். இந்த முறை நாலாக மடித்திருந்தால் அடுத்த முறை மூன்றாக மடியுங்கள். ரொம்ப நாள் விரிக்காமலே இருந்தால், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, கோடு மாற்றி மடித்து வையுங்கள்.