பள்ளிப் பணம் வகுப்பறை வரை போய்ச் சேர: தலைமையாசிரியருக்கு

ஒதுக்கிய பணம் முழுவதும் செலவாகிவிட்டது என்பதாலேயே பிள்ளைகளுக்குப் பயன் கிடைத்துவிட்டதாக ஆகாது. கல்வியாண்டின் கடைசி மாதத்தில் அவசர அவசரமாக வாங்கிய ஆய்வகப் பொருளால் அந்த ஆண்டு மாணவர்களுக்கு ஒன்றுமில்லை. அதனால் செலவுத் திட்டத்தைப் பாட அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள்.

போன ஆண்டுத் தொகையில் கொஞ்சம் கூட்டி எழுதுவது சுலபம்; போன ஆண்டின் தவறுகளும் கூடவே வந்துவிடும். அதற்குப் பதிலாக, ஆண்டு தொடங்க இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே ஒவ்வொரு ஆசிரியரிடமும் எழுதி வாங்குங்கள்: எந்தப் பாடத்துக்கு, என்ன பொருள், எத்தனை, எந்த வாரத்துக்குள். வாரம் குறிக்காத தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விலைப்புள்ளி வாங்க 2 வாரம், ஒப்புதலுக்கு 1, பொருள் வந்துசேர 3 என்றால், 10-வது வார ஆய்வகச் சோதனைக்கான பொருளை வாங்கும் வேலையை 4-வது வாரமே தொடங்கவேண்டும்.

சம்பளம், மின்சாரம் போன்ற கட்டாயச் செலவுகளை முதலில் ஒதுக்கிவிட்டு, கற்பித்தலுக்கும் பராமரிப்புக்கும் தனித்தனியாக வையுங்கள். கை வைக்க எளிதாகத் தெரிவது பராமரிப்புத் தொகைதான். ஆனால் ஒழுகும் கூரையை ஓராண்டு தள்ளிப்போட்டால், அடுத்த ஆண்டு நனைந்த புத்தகம், பழுதான மின்கம்பி என்று செலவு பெருகி நிற்கும்.

மாதக் கணக்கில் நான்கு நெடுவரிசைகள் வேண்டும்: ஒதுக்கீடு, செலவு, ஆர்டர் கொடுத்து இன்னும் பணம் தராதது, மீதி. மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒதுக்கீடு 60,000, செலவு 9,000 என்றால் கையில் 51,000 இருப்பதுபோல் தெரியும். 30,000-க்கு ஏற்கெனவே ஆர்டர் போயிருந்தால் உண்மையான மீதி 21,000 மட்டுமே. 51,000-ஐ நம்பி இன்னொன்று வாங்கினால் ஆண்டு நடுவில் புத்தகப் பணத்தை எடுத்துக் கடனை அடைக்கவேண்டி வரும்.

மாத முடிவில் ரொக்கப் புத்தகத்தை (பள்ளியின் வரவு செலவை நீங்கள் பதியும் புத்தகம்) வங்கிக் கணக்கோடு ஒப்பிடுங்கள். வங்கியில் 48,200, புத்தகத்தில் 45,700 என்றால், 2,500-க்குக் கொடுத்த செக் இன்னும் மாற்றப்படாமல் இருக்கலாம். 'இருக்கலாம்' என்று விடாமல் செக் எண்ணைத் தேடி எழுதி வையுங்கள். வங்கியில் குறைவாக இருந்தால் வித்தியாசம் வங்கிக் கட்டணமாக இருக்கலாம்; எந்தப் பக்கம் குறைந்தாலும் பதிவுப் பிழையாகவும் இருக்கலாம். மூன்று மாதம் கழித்துத் தேடினால் எதுவும் பிடிபடாது.

கொள்முதலில் பொருளின் விவரக்குறிப்பை முதலில் எழுதிவிட்டுப் பிறகு மூன்று விலைப்புள்ளி கேளுங்கள். வெறும் 'பெஞ்சு 20' என்று கேட்டால் மூவரும் மூன்று வித மரத்துக்கு விலை சொல்வார்கள். குறைந்த விலை எதுவென்று ஒப்பிடவே முடியாது. பொருளைச் சரிபார்த்துப் பெற்றுக்கொள்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. ஆசிரியர்கள் குறைவான சின்னப் பள்ளியிலும் இந்த ஒன்றை விட்டுக்கொடுக்காதீர்கள். சில்லறைச் செலவுக்கு ஒரு நிலையான தொகை. ரசீதுகளையும் மிச்ச ரொக்கத்தையும் கூட்டினால் எந்த நாளும் அதே தொகை வரவேண்டும்.

வந்த நிதியையும் செலவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இதற்கு உகாண்டா நல்ல சாட்சி: 1991–95-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று அரசு ஒதுக்கிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளை எட்டியதாக ஓர் ஆய்வு காட்டியது. பிறகு நிதி விவரங்கள் செய்தித்தாள்களிலும் பள்ளிச் சுவர்களிலும் வெளியாகத் தொடங்கின. போய்ச் சேரும் பங்கு பெரிதும் உயர்ந்தது. பலகை மட்டுமே காரணம் என்பதற்கில்லை, ஆனாலும் பெற்றோர் கேள்வி கேட்கத் தொகை தெரிந்திருக்கவேண்டுமே.

பருவ முடிவில் இருப்புப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போங்கள். பதிவேட்டில் நுண்ணோக்கி 6 என்று இருந்து, நான்கு பெட்டி பிரிக்கப்படாமல் கிடந்தால் காரணம் கேளுங்கள்: தாமதமாக வந்ததா, பயன்படுத்தத் தெரியவில்லையா, அலமாரிச் சாவி கிடைக்கவில்லையா. முதலாவதென்றால் ஆர்டர் தேதியை முன்னுக்குத் தள்ளுங்கள். இரண்டாவதென்றால் அடுத்த ஒதுக்கீட்டில் பயிற்சிக்கு ஒரு தொகை வையுங்கள். மூன்றாவதுக்குப் பணமே தேவையில்லை.