லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸ்: இத்தனை ரீபூட்டுக்கு நடுவில் எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது

டிசி காமிக்ஸின் லீஜன் ஆஃப் சூப்பர்-ஹீரோஸை முதல் கதையிலிருந்து வரிசையாகப் படித்துவிடலாம் என்று இறங்கிப் பாதியில் கைவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் மேல் தப்பே இல்லை. இன்றைக்கு ஆயிரம் ஆண்டுகள் தள்ளி வாழும் இளம் வீரர்களின் குழு இது. 1958-ல் தொடங்கிய இவர்கள் கதையை டிசி மூன்று முறை சுத்தமாகத் துடைத்துவிட்டு முதலிலிருந்து எழுதியிருக்கிறது (இதைத்தான் ரீபூட் என்பார்கள்), நடுவில் ஒரு முறை பழையதைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறது, அதற்கிடையே ஒட்டுப்போட்ட இடங்கள் தனி. ஆனாலும் சொல்கிறேன், டிசியில் இவ்வளவு ஆசையாகப் படிக்கக் கிடைக்கும் குழுக்கதை வேறு அதிகம் இல்லை, படிக்கும் வழி தெரிந்தால் போதும்.

முதல் வழி இதுதான்: எல்லாப் பதிப்புகளையும் ஒரே கதையாக இணைக்கப் பார்க்காதீர்கள். ஒன்றை எடுங்கள், அதை முழுக் கதையாக நினைத்துப் படியுங்கள், அது முடிந்த இடத்தில் முடிந்தது என்று ஒப்புக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.

எதை முதலில் எடுப்பது? என் பதில், பால் லெவிட்ஸ் எழுதி கீத் கிஃபென் வரைந்த 'தி கிரேட் டார்க்னெஸ் சாகா'. 1982-ல் லீஜன் தொடரின் 290 முதல் 294 வரையிலான ஐந்து இதழ்களில் வந்தது. முன்கதை எதுவும் தெரியாமலேயே படிக்கலாம். இருபதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் வந்து போவார்கள், பெயர்கள் குழப்பும், அதைப் பற்றிக் கவலைப்படாமல் போய்க்கொண்டே இருங்கள், இரண்டாவது இதழுக்குள் முகங்கள் பழகிவிடும். அட்டையை மட்டும் ரொம்ப நேரம் பார்க்காதீர்கள். மறைந்திருந்து அடியாட்களை அனுப்புகிறவன் யார் என்பதை அன்றைக்குப் படித்தவர்கள் கடைசியில்தான் தெரிந்துகொண்டார்கள், இன்றைய தொகுப்புகளின் அட்டை அதைப் போட்டு உடைத்துவிடுகிறது.

சரி, இது பிடித்துப்போய் இன்னும் வேண்டும் என்று தோன்றினால் ரீபூட்டுகளின் பக்கம் வந்தே ஆகவேண்டும். அங்கே நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்று உண்டு. எந்த மாற்றத்தைப் பார்த்தாலும் முதலில் "டிசி அலுவலகத்தில் அப்போது என்ன நடந்தது?" என்று கேட்கிறேன், "கதைக்குள் என்ன காரணம் சொன்னார்கள்?" என்பதை அப்புறம் பார்க்கிறேன். கதைக்குள் சொல்லும் காரணம் எப்போதும் காலப்பயணம், மாயம், அண்டம் வெடித்தது என்றுதான் இருக்கும், அதை மட்டும் வைத்துக்கொண்டு புரிந்துகொள்ளப் பார்த்தால் தலைதான் சுற்றும்.

சூப்பர்பாய் விவகாரத்தையே பாருங்கள், லீஜனின் எல்லாச் சிக்கலுக்கும் வேர் அதுதான். 1958 ஏப்ரல் தேதியிட்ட அட்வென்ச்சர் காமிக்ஸ் 247-ஆம் இதழில், ஆட்டோ பைண்டர் எழுதி அல் பிளாஸ்டினோ வரைந்த கதையில், காஸ்மிக் பாய், சாட்டர்ன் கேர்ள், லைட்னிங் பாய் என மூன்று பேர் எதிர்காலத்திலிருந்து வந்து சூப்பர்பாயைத் தங்கள் குழுவில் சேரக் கூப்பிடுகிறார்கள். (லைட்னிங் பாய்தான் பிறகு லைட்னிங் லேட் ஆனான்.) சிறுவனாக இருந்த சூப்பர்மேனின் வீரக்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் அமைத்த குழு என்பதுதான் லீஜனின் அடிப்படை. 1985-86-ல் 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற பன்னிரண்டு இதழ்த் தொடரில் டிசி தன் பல உலகங்களை ஒன்றாக்கியது. அதற்குப் பின் 1986-ல் ஜான் பிர்ன் சூப்பர்மேனைப் புதிதாக எழுதியபோது, கிளார்க் பெரியவனான பிறகுதான் அந்த உடையைப் போட்டான், சூப்பர்பாய் என்று ஒருவன் இருந்ததே இல்லை என்று ஆக்கினார். சூப்பர்மேனுக்கு அது நல்லதுதான். லீஜனுக்கோ அஸ்திவாரத்திலிருந்து ஒரு கல்லை உருவியது போல ஆகிவிட்டது.

லெவிட்ஸும் பிர்னும் சேர்ந்து 1987-ல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். லீஜன் இத்தனை ஆண்டுகள் பழகிய சூப்பர்பாய், டைம் டிராப்பர் என்ற வில்லன் உருவாக்கிய ஒரு குட்டி அண்டத்தில் வாழ்ந்தவன் என்றார்கள். லீஜன் தொடரின் மூன்றாம் வால்யூமின் (அதே தலைப்பை மறுபடி 1-லிருந்து எண்ணத் தொடங்கினால் அது புது வால்யூம்) 37, 38 இதழ்களிலும், இடையே சூப்பர்மேன் 8, ஆக்‌ஷன் காமிக்ஸ் 591 இரண்டிலும் அந்தக் கதை ஓடுகிறது. தன் சின்ன உலகத்தைக் காப்பாற்றுவதற்காக சூப்பர்பாய் நண்பர்களுக்கு எதிராகவே திரும்ப வேண்டிய நிலை வருகிறது, கடைசியில் அந்த உலகத்துக்காகவே உயிரை விடுகிறான். ஒரு நிர்வாகச் சிக்கலைத் தீர்ப்பதற்காக எழுதப்பட்ட கதை என்பது தெரிந்தும் 38-ஆம் இதழ் மனசைப் பிசைகிறது, ஏனென்றால் எழுதியவர் அந்தப் பையனை மதித்து வழியனுப்புகிறார். தொடர்ச்சியை மாற்றுவதில் நல்ல வேலை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் இந்த இதழைத்தான் கையில் கொடுப்பேன்.

ஆனால் ஒட்டு நிற்கவில்லை. 1989 இறுதியில் நான்காம் வால்யூம் தொடங்கியது. கிஃபென், டாம் - மேரி பியர்பாம் தம்பதி, அல் கோர்டன் சேர்ந்து, கதையை ஐந்து ஆண்டுகள் முன்னால் தள்ளி, லீஜன் கலைந்துபோன ஓர் இருண்ட காலத்தைக் காட்டினார்கள். சூப்பர்மேன் பக்கத்து எடிட்டர்கள் சூப்பர்பாயின் பேச்சே வரக்கூடாது என்று சொல்லிவிட, நான்காம் இதழில் லீஜன் உறுப்பினன் மோன்-எல் டைம் டிராப்பரைக் கொல்கிறான், வரலாறே மாறிப்போகிறது. சூப்பர்பாயின் இடத்தில் மோன்-எல்லே வேலர் என்ற பெயரில் வந்து உட்கார்கிறான், சூப்பர்கேர்ள் இருந்த இடத்துக்கு லாரல் கேண்ட் என்ற புதுப் பெண் வருகிறாள், டைம் டிராப்பரின் நாற்காலி க்ளோரித் என்ற வில்லிக்குப் போகிறது. இதைக் கதைக்குள்ளிருந்து மட்டும் படித்தால் ஒன்றும் பிடிபடாது. "ஓஹோ, சூப்பர்பாயையும் சூப்பர்கேர்ளையும் பயன்படுத்த முடியவில்லை, அதனால் ஆள் மாற்றியிருக்கிறார்கள்" என்று தெரிந்துகொண்டு படித்தால் எல்லாம் தெளிவாகிவிடும்.

இங்கே இரண்டு வகை மாற்றத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். கதை தொடர்ந்து ஓட, நடந்து முடிந்த ஒன்றை மட்டும் "அது அப்படி இல்லை, இப்படி" என்று திருத்தினால் அது ரெட்கான். கதையே நின்று, ஆட்கள் மறுபடி முதல்முறையாகச் சந்தித்துக்கொண்டால் அது ரீபூட். நான் வைத்திருக்கும் சோதனை, நினைவு. மாற்றத்துக்குப் பிறகு வரும் இதழில் பாத்திரங்களுக்குப் பழைய நண்பனின் மரணம் நினைவில் இருக்கிறதா? காஸ்மிக் பாய்க்குத் தன் மனைவி யார் என்று தெரிகிறதா? தெரிந்தால், சின்னச் சின்ன விவரம் மாறியிருந்தாலும் அதே ஆட்களைத்தான் நீங்கள் இன்னும் தொடர்கிறீர்கள். தெரியாவிட்டால் இவர்கள் வேறு ஆட்கள், பழைய பாசத்தை இவர்கள் மேல் ஏற்றாதீர்கள்.

இந்தச் சோதனையில் 1994 தெளிவாக ரீபூட். டிசியின் பல தொடர்களில் ஓடிய 'சீரோ அவர்' நிகழ்வோடு சேர்ந்து, நான்காம் வால்யூமின் 61-ஆம் இதழில் பழைய லீஜன் தங்கள் காலமே மறைந்துபோவதை ஏற்றுக்கொண்டு விடைபெறுகிறது. அடுத்த மாதம் அதே தலைப்பில் 0-ஆம் இதழ், அதில் மூன்று புதுப் பிள்ளைகள் முதன்முதலாகச் சந்திக்கிறார்கள். அதற்கடுத்து 62 என்று எண் தொடர்கிறது! பழைய புத்தகக் கடையிலோ இணையத்திலோ தனி இதழ்களாக வாங்குகிறவர்கள் விழும் குழி இதுதான். ஒரே வால்யூம், ஒரே எண் வரிசை, 61 ஒரு அண்டம், 62 வேறொரு அண்டம். 'லீஜனேர்ஸ்' என்ற துணைத் தொடருக்கும் இதே கதிதான், 18 வரை பழையது, 0-க்கும் 19-க்கும் பிறகு புதியது. அதனால் வாங்கும்போது வால்யூம் எண்ணை மட்டும் நம்பாமல் இதழில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் பாருங்கள்: 1994 அக்டோபருக்கு முன்னா பின்னா என்பதே கேள்வி.

கையில் ஓர் இதழ் தனியாகக் கிடைத்து, எந்த லீஜன் என்று தெரியவில்லையா? பெயர்களைப் பாருங்கள். மின்னல் வீசுகிறவனை லைவ் வயர் என்றும், மூன்றாகப் பிரியும் பெண்ணை ட்ரையட் என்றும், பேருருவம் எடுப்பவனை லெவியாதன் என்றும் கூப்பிட்டால் அது 1994-க்குப் பிந்தைய குழு. ஃபிளாஷ் பேரி ஆலனின் பேத்தி எக்ஸ்எஸ் ஓடிக்கொண்டிருந்தாலும் அதேதான். கொலாசல் பாய், "நான் இயல்பிலேயே ராட்சதன், உங்கள் அளவுக்குச் சுருங்குவதுதான் என் சக்தி, என்னை மைக்ரோ லேட் என்று கூப்பிடுங்கள்" என்று சொன்னால் 2004-ல் வந்த மூன்றாவது லீஜன். கோல்ட் லேன்டர்ன் என்ற உறுப்பினர் நின்றால் 2019 பதிப்பு. யாருமே குறிப்பெயர் சொல்லாமல் ரோக், ஜோ, ரீப் என்று சொந்தப் பெயரில் பேசிக்கொண்டு, பக்கத்துக்கு ஒன்பது கட்டம் வைத்து, நடுநடுவே கடிதமும் ஆவணமும் வந்தால் அது நான்காம் வால்யூமின் ஐந்தாண்டு இடைவெளிக் கதை.

அந்த ஐந்தாண்டு இடைவெளிக் கதையை முதலில் தொடாதீர்கள், ஆனால் ஒருநாள் கட்டாயம் தொடுங்கள். முதல் இதழில் ரீப் டாகிள், அதாவது பழைய கமீலியன் பாய், காஸ்மிக் பாயாக இருந்த ரோக் கிரின்னைத் தேடி பிரால் கிரகத்துக்குப் போகிறான். போரில் சக்தியை இழந்து, தோற்றுப்போன ஊரில், கர்ப்பிணி மனைவியோடு வறுமையில் வாழ்கிறான் ரோக். காந்த சக்தியால் கப்பல்களையே இழுத்த ஆள் இப்படி நிற்பதைப் பார்க்கும்போது வலிக்கவேண்டும் என்றால், அவனை அதற்கு முன் சிரித்த முகத்தோடு உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் முதலில் லெவிட்ஸின் எண்பதுகள், அப்புறம் இது. இரண்டு ஆம்னிபஸ் தொகுப்புகள் வந்திருக்கின்றன. அவசரப்படாமல் படியுங்கள், சில பக்கங்களை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கும்.

1994 குழுவுக்கு 0-ஆம் இதழ்தான் சரியான வாசல், புதிதாக வருகிறவர்களுக்காகவே எழுதியது. பொறுமை இல்லாதவர்கள் நேராக 2000-ல் தொடங்கிய 'லீஜன் லாஸ்ட்' பன்னிரண்டு இதழ்களுக்குப் போகலாம். டான் ஆப்னெட், ஆண்டி லானிங் எழுத்து, ஒலிவியே குவாப்பெல் ஓவியம். தெரியாத விண்வெளியில் சிக்கிக்கொண்ட சிலர் வீடு திரும்பப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு இதழையும் ஒவ்வொருவர் சொல்கிறார், அதனால் அறிமுகம் தானாகவே நடந்துவிடுகிறது. ரீபூட் என்றாலே மூக்கைச் சுளிக்கும் பழைய ரசிகர்களிடம் இதை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். துடைத்துவிட்டுத் தொடங்கிய குழு ஆறே ஆண்டுகளில் இவ்வளவு கனமான கதையைத் தாங்கியது என்றால், துடைப்பது மட்டுமே குற்றம் இல்லை.

மார்க் வெய்ட், பேரி கிட்சன் இருவரின் 2004 லீஜன் வேறு குணம். எல்லாம் கண்காணிக்கப்படும் ஒழுங்கான உலகத்தில் பெரியவர்களுக்கு எதிராக எழும் இளைஞர் இயக்கமாகவே குழுவை மாற்றினார்கள். தொடக்க இதழ்கள் துடிப்பானவை. 37-லிருந்து ஜிம் ஷூட்டர் எழுதினார் - 1966-ல் பதினான்கு வயதில் இதே லீஜனை எழுதத் தொடங்கியவர் - ஆனால் தொடர் 50-ல் நின்றுபோக, அவர் 49 வரைதான் எழுத முடிந்தது. இழைகள் அந்தரத்தில் நிற்கும், தெரிந்தே படியுங்கள்.

2007-ல் ஜெஃப் ஜான்ஸ் பழைய லீஜனை ஒத்த ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆக்‌ஷன் காமிக்ஸ் 858 முதல் 863 வரை, கேரி ஃபிராங்க் ஓவியத்தில், சூப்பர்மேன் ரசிகர்களுக்கு மிக எளிய வாசல் இது. அந்த 1989 - 94 காலம் இவர்களுக்கு நடக்கவே இல்லை என்பது போலக் கதை போகிறது, அதை ஒரு தவறாக எண்ணித் தேடிக்கொண்டு இருக்காதீர்கள்.

'லீஜன் ஆஃப் 3 வேர்ல்ட்ஸ்' (2008 - 09, ஐந்து இதழ்கள்) மட்டும் கடைசிக்கு. மூன்று லீஜன்களும் (ஜான்ஸ் கொண்டுவந்தது, 1994, 2004) ஒரே பக்கத்தில் நிற்க, ஜார்ஜ் பெரஸ் ஒவ்வொரு முகத்தையும் சலிக்காமல் வரைந்திருக்கிறார். ஒவ்வொரு லீஜனிலும் இருக்கும் மேதை பிரெய்னியாக் 5, அப்படி மூன்று பிரெய்னியாக் 5-களும் ஒருவரையொருவர் முட்டாள் ஆக்கப் பார்க்கும் இடங்கள், மூவரையும் தனித்தனியாகத் தெரிந்தவர்களுக்குத்தான் இனிக்கும். 1994 குழுவின் உலகத்துக்கு அதில் எர்த்-247 என்று எண் கொடுத்திருக்கிறார்கள், முதல் கதை வந்த அட்வென்ச்சர் இதழின் எண் அது. துடைக்கப்பட்டவர்கள் காணாமல் போகவில்லை, அவர்கள் வேறோர் உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்று டிசி சொன்னது அந்தக் குழுவை நேசித்தவர்களுக்குப் பெரிய ஆறுதல்.

பிரையன் மைக்கேல் பெண்டிஸ், ரயன் சூக் செய்த 2019 பதிப்பு பன்னிரண்டு இதழ்கள்தான். சூப்பர்பாயாக சூப்பர்மேனின் மகன் ஜான் கென்ட் வருகிறான், முன்கதை எதுவும் வேண்டாம். ஓவியம் அருமை, ஆனால் உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பழகவிடாமல் கூட்டமாகவே பேசவைக்கிறது. உங்களுக்கு ஜான் கென்ட் பிடிக்கும் என்றால் இங்கிருந்தே தொடங்கலாம், இல்லை என்றால் லெவிட்ஸ் முடித்து, 'லீஜன் லாஸ்ட்' முடித்து, அப்புறம் எடுங்கள்.