டிக்கெட்டில் உள்ள நேரத்தை அப்படியே கழிக்காதீர்கள்

போன மாதம் அத்தை மகனின் துபாய் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "ரெண்டே முக்கால் மணி நேரத்துல போயிருவானா? நம்ம ஊருல இருந்து மெட்ராஸுக்கு பஸ்ல போகவே ராத்திரி முழுக்க ஆகுதே!" என்று வியந்தார் மாமா. அவர் கழித்தது சரிதான், கடிகாரம்தான் வேறு. டிக்கெட்டில் புறப்படும் நேரம் மதுரைக்கணக்கு, இறங்கும் நேரம் துபாய்க்கணக்கு. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது.

உண்மையான நேரத்தைத் தோராயமாகத் தெரிந்துகொள்ள, கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, விமானம் மேலே ஏறவும் கீழே இறங்கவும் அரை மணி கூட்டினால் போதும். மதுரையிலிருந்து துபாய் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 2,950 கி.மீ. ஆக, சுமார் நாலேகால் மணி நேரம். பகல் 12 மணிக்குக் கிளம்பினால் நமக்கு 4.15, அங்கே 2.45.

வேடிக்கை என்னவென்றால், எதிர்த்திசையில் சிங்கப்பூரும் ஏறக்குறைய 3,000 கி.மீ.தான். ஆனால் அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவதால், அதே 12 மணி விமானம் மாலை 6.45-க்கு இறங்குவதாக டிக்கெட் காட்டும். திரும்பி வரும்போது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகத் தெரியும்!

காற்றைப் பொறுத்து கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். அப்புறம், இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, காத்திருக்கும் நேரத்தைத் தனியாகக் கூட்டுங்கள். பெருங்குடியில் உள்ள மதுரை விமான நிலையத்துக்கு அழைத்துவரப் போகிறவர்கள் இறங்கும் நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பெட்டி வரவேண்டுமே!