ஆய்வு அனுபவம் குறைவா? உளவியல் மேற்படிப்பு விண்ணப்பத்தில் செய்யக் கூடாத தவறுகள்

உளவியல் பிஎச்டிக்கு விண்ணப்பிப்பவர்கள் சிலர் தங்கள் எஸ்.ஓ.பி.யை (ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்க அறிக்கையை) என்னிடம் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்புவார்கள். கூடவே ஒரு வரியும் வரும்: "லேப் அனுபவம் ஆறு மாசம்தான் இருக்கு, பரவாயில்லையா?" ஆறு மாதம் குறைவுதான். ஆனால் நான் பார்த்தவரை, விண்ணப்பத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த ஆறு மாதம் இல்லை, அதைப் பற்றி எழுதி வைத்திருக்கும் விதம்.

சிலர் முதல் பத்தியிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுவார்கள். "ஆய்வு அனுபவம் குறைவு என்றாலும் கற்றுக்கொள்ளும் ஆர்வம் நிறைய இருக்கிறது" என்று தொடங்கினால், படிப்பவர் கவனிக்காமல் போயிருக்கக்கூடிய குறையை நாமே காட்டிக் கொடுத்ததுபோல ஆகிவிடும். இன்னும் சிலர் நேர் எதிர். தரவு உள்ளீடு செய்ததை "ஆய்வை முன்னின்று நடத்தினேன்" என்று எழுதுவார்கள். நேர்காணலில் "அந்த அளவுகோலை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்ற ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும். அதுவரைகூடப் போக வேண்டாம், அந்த லேப் பேராசிரியரின் பரிந்துரைக் கடிதமே உண்மையைச் சொல்லிவிடும்.

செய்த வேலையை அதன் அளவிலேயே, ஆனால் கிட்டப் போய் எழுதினால் போதும். ஓர் உதாரணம். நேர்காணல்களைப் படித்து, பேசியவரின் உணர்வை வகைப்படுத்தும் வேலை என்று வைத்துக்கொள்வோம். "தரவுகளைக் குறியீடு செய்ய உதவினேன்" என்று எழுதினால் ஒன்றும் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "இருவர் தனித்தனியாகக் குறியீடு செய்தோம். முதல் சுற்றில் கப்பா 0.52தான் வந்தது. 'கோபம்', 'ஏமாற்றம்' இரண்டையும் நாங்கள் வேறு வேறு விதமாகப் புரிந்துகொண்டிருந்தோம். வரையறையைத் திருத்தி எழுதிய பிறகு 0.78 ஆனது." தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள் என்று காட்டுவதுதான் கப்பா. இந்த நான்கு வரியில், அளவீட்டில் பிழை எங்கே நுழைகிறது என்று தெரிந்த ஆள் ஒருவர் தெரிகிறார். வேலை பார்த்தது மூன்று மாதமா மூன்று வருடமா என்று அந்த இடத்தில் யாரும் கேட்கப் போவதில்லை.

அடுத்த தவறு, அனுபவம் இருக்க வேண்டிய இடத்தைச் சொந்தக் கதையால் நிரப்புவது. 2006இல் ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி இருவரும் உளவியல் மேற்படிப்புச் சேர்க்கைக் குழுத் தலைவர்களிடம், எதைப் பார்த்து விண்ணப்பங்களை ஒதுக்குகிறீர்கள் என்று கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அத்தகைய தவறுகளுக்கு அவர்கள் வைத்த பெயர் 'மரண முத்தங்கள்'. சொந்த மனநலச் சிக்கல்களை விவரிப்பது, அளவுக்கு மீறி அந்தரங்கம் பேசுவது, எல்லோருக்கும் உதவவே பிறந்தேன் என்கிற தொனி மூன்றும் அதில் வருகின்றன. இது எனக்குக் கொஞ்சம் உறுத்தலாகத்தான் இருக்கிறது. மனநலத்தைப் பற்றித் தயங்காமல் பேசுங்கள் என்று ஊருக்குச் சொல்லும் துறை இது. ஆனாலும் குழு எப்படிப் படிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. உங்கள் அனுபவத்திலிருந்து ஓர் ஆய்வுக் கேள்வி பிறந்திருந்தால், அனுபவத்துக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு மீதி இடத்தைக் கேள்விக்குக் கொடுங்கள்.

படிப்பையே தவறாகத் தேர்ந்தெடுப்பதும் நடக்கிறது. அமெரிக்காவில் மருத்துவ உளவியல் பிஎச்டி, கொலராடோவின் போல்டர் நகரில் 1949இல் நடந்த உளவியல் பயிற்சி மாநாட்டிலிருந்து, ஆய்வையும் சிகிச்சையையும் சேர்த்தே கற்றுத் தருவது. சிகிச்சைப் பயிற்சியை மையமாகக் கொண்ட சைடி (PsyD) பட்டத்துக்கு, அதே மாநிலத்தின் வேல் (Vail) நகரில் 1973இல் நடந்த மாநாடு ஒப்புதல் தந்தது. ஆலோசகராக மட்டும் பணியாற்ற விரும்புபவர் ஆய்வை முதன்மையாக வைத்த பிஎச்டிக்கு விண்ணப்பித்தால், ஆய்வு அனுபவம் குறைவு என்பது அங்கே இரட்டிப்பாகத் தெரியும். ஆய்வுதான் வேண்டும், ஆனால் கையில் ஒன்றும் இல்லை என்றால், ஆய்வேடு எழுத வைக்கும் முதுகலையை முதலில் முடிப்பது பின்வாங்கல் ஆகாது.

பேராசிரியர்களுக்கு எழுதும் மின்னஞ்சலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல பிஎச்டி திட்டங்களில் மாணவரை எடுப்பது துறை மட்டுமல்ல, குறிப்பிட்ட ஒரு வழிகாட்டி. அதனால் பெயரை மட்டும் மாற்றி முப்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் பலன் இருக்காது. அவர் இந்த ஆண்டு மாணவர்களை எடுக்கிறாரா என்று அவருடைய லேப் பக்கத்தில் பாருங்கள். அண்மையில் வந்த இரண்டு கட்டுரைகளையாவது படித்துவிட்டு எழுதுங்கள். பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதைதான்: பெரிய பதவியில் இருக்கும், உங்களை அதிகம் தெரியாதவரைவிட, உங்கள் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மேல்.

கடைசியாக, அனுபவத்தை அவசரமாக உண்டாக்கப் போய்ச் சறுக்குவது. நண்பர்கள் நாற்பது பேருக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பி, நெறிமுறைக் குழு ஒப்புதல் இல்லாமல் மனச்சோர்வு பற்றிக் கேட்டு, அதை 'என் ஆய்வு' என்று எழுதுவது. இது பலமாகத் தெரியாது, நெறிமுறை தெரியாதவர் என்று காட்டிவிடும்.

அதற்குப் பதில், ஏற்கெனவே பொதுவில் இருக்கும் தரவை எடுங்கள். 2015இல் வெளிவந்த மறுசோதனைத் திட்டம் ஒன்று 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தில் கிடைத்த புள்ளியியல் முக்கியத்துவம் (தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாத முடிவு), மறுசோதனையில் 36 சதவீதத்தில்தான் கிடைத்தது. அதன் தரவு ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க் தளத்தில் இருக்கிறது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். புள்ளியியல் பகுப்பாய்வுக்கான ஆர் (R), ஜாஸ்ப் (JASP) மென்பொருள்கள் இரண்டும் இலவசம். ஓர் ஆய்வைத் தேர்ந்தெடுத்து, அதன் பகுப்பாய்வை நீங்களே திரும்ப ஓட்டி, எண்கள் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே போகவில்லை என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். சிவியில் அதை 'சுயமாகச் செய்த மறுபகுப்பாய்வு' என்றே குறிப்பிடுங்கள், வெளியீடு என்ற தலைப்பின் கீழ் வைக்காதீர்கள்.