உரக்கரைசல் தொட்டியை மண்ணுக்குள் இறக்குங்கள்

ஹைட்ரோபோனிக் (மண்ணில்லாப் பயிர்ச்செய்கை) கரைசல் தொட்டியைப் பொலித்தீன் கூடாரத்துக்குள் வைக்காமல், வெளியே நிழல் விழும் பக்கத்தில் குழி வெட்டிக் கழுத்துவரை புதையுங்கள். கரைசலைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கும் காசு மிச்சம்.

நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் அரை மீற்றருக்குக் கீழே மண் பகலிலும் குளிர்ச்சியாகவே இருக்கும். கரைசலின் சூட்டை அது மெதுவாக இழுத்துக்கொள்ளும். 20 பாகையில் ஒரு லீற்றர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30 பாகையில் ஏழரைதான். கரைசல் சூடாகி ஒட்சிசன் குறையும்போது சலாது வேர் எளிதில் அழுகும்.

தொட்டியாகப் புதைத்த பரலைச் சுற்றி ஈரமண் போட்டு நன்றாக இடியுங்கள். காற்று இடைவெளி இருந்தால் சூடு இறங்காது. சூடு கடத்தாத ரெஜிபோம் மூடிக்கு மட்டும். பக்கங்களில் சுற்றினால் புதைத்த பயனே போய்விடும். வாய் நிலத்துக்கு மேல் 10 சென்ரிமீற்றராவது நிற்கட்டும், மேட்டுப் பக்கம் ஒரு சிறு கான் வெட்டிவிடுங்கள். அடைமழையில் வெறும் பரல் மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து எழும்பும். பாதிக்குக் குறையாமல் நிரப்பி வையுங்கள். திரும்பி வரும் குழாய் வெயிலில் கிடந்தால் எல்லாம் வீண், அதற்கு வெள்ளைப் பெயின்ற் பூசுங்கள். தொட்டி தாழ்வதால் பம்ப் கூடுதல் உயரத்துக்குத் தள்ளவேண்டும். அதன் தூக்கும் உயரத்தையும் முதலில் பாருங்கள்.

கண்டியைவிடத் தாழ்வான இடங்களில் மண்ணே சூடு, அங்கே இது சரிவராது. பயிர் நிற்கும் நீளமான பல கால்வாய்களுக்கு ஒரே சின்னப் பரல் என்றாலும் மண் ஈடுகொடுக்காது.