விட்பேங்க் கரிக்குத் திண்மநிலை என்எம்ஆர்: சிபி கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

திண்மநிலை என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கரியைக் கரைக்காமலே அதில் எந்த வகைக் கார்பன் எவ்வளவு என்று காட்டும். அதன் கார்பன்-13 செய்முறைகள் பலவும் வடகோளத்து விட்ரினைட் (மரத்திசுவிலிருந்து வந்த கரிக்கூறு) மிகுந்த கரியை மனதில் வைத்தவை. தென்னாப்பிரிக்காவின் விட்பேங்க், ஹைவெல்ட் கரியோ பெர்மியன் காலத்தது. இனெர்ட்டினைட்டும் (ஹைட்ரஜன் குறைந்த கரிக்கூறு) சாம்பலும் அதிகம். அதே சிபி (கிராஸ் போலரைசேஷன்: புரோட்டானின் சிக்னலைக் கார்பனுக்குக் கைமாற்றுவது) செய்முறையை இங்கே அப்படியே போட்டால் அரோமாட்டிக் (பென்சீன் மாதிரி வளையக் கார்பன்) அளவு குறைத்துத்தான் காட்டும்.

அகேட் உரலில் 75 மைக்ரானுக்குக் கீழ் அரையுங்கள். எஃகு மில் வேண்டாம்: அது உதிர்க்கும் இரும்பு சிக்னலை அகலப்படுத்தும், ரோட்டரை (தூளை அடைத்துச் சுழற்றும் குழல்) தள்ளாட வைக்கும். எதற்கும் தூள்மேல் ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள். உலர்த்துவது வெற்றிடத்தில், சூடான காற்று கரியை ஆக்சிஜனேற்றும். பிறகு கனிமங்களை நீக்குங்கள்: கார்பனேட்டும் இரும்பு சல்பேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போய்விடும். களிமண்ணுக்கு ஹைட்ரோஃபுளோரிக், டெஃப்லான் பாத்திரமும் (அமிலம் மேலே பட்டால் தடவ) கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் பக்கத்தில் இல்லாமல் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. பைரைட் இரண்டுக்கும் அசையாது. அதற்காக நைட்ரிக் அமிலத்தை நாடினால் கரியே மாறிவிடும். கெடாத பைரைட்டால் பெரிய தொல்லையும் இல்லை.

4 மி.மீ. ரோட்டருக்கு 60 முதல் 80 மி.கி. போதும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு தடவையும் சமமாக அழுத்துங்கள்.

சுழல் வேகத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 9.4 டெஸ்லாவில் கார்பன் அதிர்வெண் 100.6 மெகாஹெர்ட்ஸ். 10 கிலோஹெர்ட்ஸில் சுழற்றினால் சைடுபேண்ட் (சுழற்சியால் தோன்றும் போலி உச்சி) ஏறக்குறைய 100 பிபிஎம் (ஸ்பெக்ட்ரத்தின் அளவு அலகு) தள்ளி விழும்: 128-இல் உள்ள அரோமாட்டிக் உச்சியின் நிழல் 28-இல், அதாவது சிஎச்2 உச்சியின் தலையிலேயே உட்காரும். 14 கிலோஹெர்ட்ஸில் அது மைனஸ் 11-க்கு விலகிவிடும். அதன் பரப்பை அரோமாட்டிக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

மேஜிக் கோணத்தை (ரோட்டர் சாய்ந்து சுழலும் கோணம்) பொட்டாசியம் புரோமைடிலும், ராம்ப் சிபியை (சக்தியைச் சீராக மாற்றிக்கொண்டே செய்யும் சிபி) கிளைசினிலும், அளவுகோலை அடமண்டேனின் 38.5 பிபிஎம்மிலும் சரிசெய்யுங்கள். தொடுநேரம் (சிக்னல் கைமாறும் நேரம்) 1 முதல் 2 மில்லிவினாடி, ஒவ்வொரு தடவைக்கும் இடைவெளி 2 வினாடி.

சிபியில் கார்பனுக்குச் சிக்னலைக் கொடுப்பது அருகிலுள்ள புரோட்டான். பெரிய வளையக் கூட்டங்களின் நடுவில் இருக்கும் கார்பனுக்கு அந்த அக்கம்பக்கமே கிடையாது; கரியின் ஃப்ரீ ராடிக்கல்கள் வேறு புரோட்டான் சிக்னலைச் சீக்கிரம் தணித்துவிடும். அதனால் நேரடித் துடிப்பிலும் (சிபி இல்லாமல் கார்பனையே தூண்டுவது) ஒரு ஸ்பெக்ட்ரம் எடுத்தே ஆகவேண்டும். கார்பன் டி1-ஐ (தூண்டிய கார்பன் பழைய நிலைக்குத் திரும்பும் காலம்) அளந்து அதன் ஐந்து மடங்கு காத்திருங்கள். ராத்திரி முழுக்க ஓட வேண்டியிருக்கும். காலி ரோட்டர் ஸ்பெக்ட்ரத்தைக் கழிக்காவிட்டால் மூடியின் பிளாஸ்டிக்கும் கரியாகக் கணக்கில் ஏறிவிடும்.

ஹைட்ரஜன் ஒட்டிய கார்பனின் சிக்னலை அணைப்பது டைபோலார் டீஃபேசிங். அதன் நேரத்தை 40 மைக்ரோவினாடியில் தொடங்கி, கிளைசினின் 43 பிபிஎம் உச்சி மறையும்வரை கூட்டுங்கள். பிறகு கரியில் மிஞ்சுவது ஹைட்ரஜன் ஒட்டாத கார்பனும், சுழன்றுகொண்டே இருப்பதால் தப்பிக்கும் மெத்திலும்.

நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாக இறங்கி வெட்டிய வடக்கு நாட்டாலின் (இன்றைய குவாசுலு-நாட்டால்) ஆந்த்ரசைட் (மிகவும் முதிர்ந்த கடினக் கரி) என்றால் இன்னொரு சிக்கல்: அது மின்சாரம் கடத்தும், புரோபின் (ரோட்டரைத் தாங்கிச் சிக்னலை வாங்கும் பகுதி) ட்யூனிங்கை இழுத்துவிடும். அலுமினாத் தூளைச் சமபங்கு கலந்து பாருங்கள். அப்படியும் ட்யூன் ஆகாவிட்டால் இன்னும் கலக்க வேண்டியதுதான்.