ஏற்காட்டு இறக்கத்தில் காரைப் பழிக்கும் முன்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏற்காடு அடிவாரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். நாலைந்து கார்களாவது ஓரம் கட்டியிருக்கும். முன்சக்கரத்தில் கருகல் வாடை, சில நேரம் லேசாகப் புகை. "உங்க வண்டி பரவால்லைங்ண்ணா, எங்க வண்டில பிரேக்கே புடிக்க மாட்டேங்குது" என்று ஒருவர் பக்கத்துக் கார்க்காரரிடம் புலம்பிக்கொண்டிருப்பார். எட்டிப் பார்த்தால் இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், நிறம் மட்டும் வேறாக இருக்கும்.

குற்றம் பெரும்பாலும் காரில் இல்லை, ஓட்டும் விதத்தில்தான். இந்தத் தவறுகளில் முக்கால்வாசி, பல வருடமாக ஓட்டும் பழைய ஆட்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் செய்தவைதான். எரிச்சல் வருவதும் அதனால்தான். சீட் பெல்ட், வளைவில் ஹாரன், ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடலாம். காரையும் காரையும் ஒப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம் என்பதை மட்டும் பார்ப்போம்.

திரையில் தெரியும் மைலேஜை வைத்துப் பந்தயம் கட்டுவது

இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மீட்டர் 99.9 என்று காட்டும். அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஏறும்போது அதே மீட்டர் 7, 8 என்று காட்டியதை யாரும் அனுப்புவதில்லை. திரையில் வரும் சராசரியும் பல கார்களில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

டேங்க் டு டேங்க்தான் கணக்கு. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்பில், நாசில் தானாக நிற்கும்வரை போடுங்கள். அதற்கு மேல் குலுக்கி ஊற்றச் சொல்லாதீர்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்து 300 கிலோமீட்டராவது ஓட்டியபின் திரும்ப அதேபோல நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுங்கள். மூன்று டேங்க் சராசரி வந்த பிறகு பேசலாம். சேலத்துக்குள் அஸ்தம்பட்டிக்கும் ஐந்து ரோட்டுக்கும் நடுவே சிக்னல் சிக்னலாக நின்று ஓடும் வேகன்-ஆரையும், தினமும் சங்ககிரி நான்கு வழிச்சாலையில் ஓடும் வேகன்-ஆரையும் ஒப்பிட்டால் இரண்டு சாலைகளின் வித்தியாசம்தான் தெரியும்.

"வண்டி இழுக்கவே மாட்டேங்குது"

முதலில் எந்த ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும்போது, இழுக்கவில்லை என்று சொல்லுங்கள். ஆல்டோ 800-க்கு அதிகபட்ச இழுவிசை (டார்க்) 69 என்எம் (நியூட்டன் மீட்டர்), அதுவும் 3,500 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். மூன்றாவது கியரில் 1,500-ல் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் எஞ்சின் தட்டும், வண்டி திணறும். இரண்டாவதுக்கு இறக்கி 3,000-க்கு மேல் வைத்திருந்தால் அதே வண்டி முனகாமல் ஏறும். சத்தம் அதிகமாகக் கேட்கிறதே என்று பயப்பட வேண்டாம். திணறலில்தான் எஞ்சினுக்குக் கேடு.

காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் டர்போ உள்ள வண்டிகளின் குணம் வேறு. பழைய ஸ்விஃப்ட் டீசலுக்கு 190 என்எம் இருந்தாலும் அது 2,000 ஆர்பிஎம்மில் வருவது. அதற்குக் கீழே டர்போ தூங்கும். கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் 1,200-க்கு விழுந்துவிட்டால் ஒன்றும் நடக்காது, பின்னால் பஸ் வந்து நிற்கும். அங்கே பலர் அரைக் கிளட்சில் உறுமவிட்டு சமாளிப்பார்கள், கிளட்ச் தட்டு தேய்வது ஏற்காட்டுப் பாதையின் அந்த இருபது வளைவுகளில்தான். கூச்சப்படாமல் முதல் கியருக்குப் போங்கள்.

இன்னொன்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி சேலத்தைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் அந்த அளவுக்கு வலுவிழக்கும், டர்போ எஞ்சின் பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆகவே ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நெக்ஸான் டர்போவையும் டியாகோவையும் ஒப்பிட்டால் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். டியாகோவைக் குறை சொல்ல அதில் ஒன்றுமில்லை.

பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குவது, அதற்கு மேல் நியூட்ரல்

எத்தனை தடவை சொன்னாலும் தீராத விஷயம் இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு. மேலிருந்து அடிவாரம் வரை ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம். அந்த உயரத்தில் வண்டிக்குள் சேர்ந்திருக்கும் சக்தி முழுவதும் கீழே வருவதற்குள் எங்கேயாவது வெப்பமாகப் போயாக வேண்டும். காற்றும் டயரும் தின்பதைக் கழித்துவிட்டாலும், 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை முழுசாக நிறுத்துவதுபோல ஏறத்தாழ முப்பது தடவைக்கான வெப்பம் மிச்சம் இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் அதை முன்னால் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் பின்னால் இருக்கும் இரண்டு டிரம்மும் தாங்க வேண்டும். கியரில் இறங்கினால் பெரும்பகுதியை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நாலாவது கியரில் பிரேக்கை லேசாக அழுத்திக்கொண்டே வந்தால் அத்தனையும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடின் தலையில்தான்.

இதில் இரண்டு விதமாகப் பிரேக் போகும், இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வகையில் பெடல் கல்லுபோலக் கெட்டியாக இருக்கும், எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்காது. பேடு அளவுக்கு மீறிச் சூடாகிப் பிடிமானம் இழந்திருக்கிறது என்று அர்த்தம். ஓரங்கட்டி இருபது முப்பது நிமிடம் ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்ப வரும். ஆனால் பேடின் முகம் கண்ணாடிபோல மினுங்க ஆரம்பித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது வகைதான் ஆளைக் கொல்வது. பெடல் பஞ்சுபோல ஆகி, கடைசியில் தரையைத் தொடும். பிரேக் ஆயில் கொதித்துவிட்டது. ஆயில் அழுந்தாது, அதனால்தான் காலின் விசை சக்கரத்துக்குப் போகிறது. ஆவிக்குமிழ் அழுந்தும். அப்போது உங்கள் உதை முழுவதும் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும்.

புது பிரேக் ஆயில் இவ்வளவு சீக்கிரம் கொதிக்காது. டாட் 4 தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, டாட் 3-க்கு 205. ஆனால் இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய டாட் 4-க்குத் தரக்கட்டுப்பாடு கேட்கும் அளவு வெறும் 155 டிகிரி, டாட் 3-க்கு 140. ஐந்து வருடம் ஊருக்குள் ஓடிய வண்டியில் ஆயில் மாற்றாமலே இருந்திருக்கும், ஊருக்குள் ஒரு குறையும் தெரிந்திருக்காது. முதல் தடவை ஏற்காடு இறங்கும்போதுதான் தெரியும். அண்ணனும் தம்பியும் ஒரே மாடல் வைத்திருந்து, ஒருவருக்கு மட்டும் பிரேக் போனால் ஷோரூமைத் திட்டுவதற்கு முன் இரண்டு பேரின் சர்வீஸ் பில்லையும் எடுத்துப் பாருங்கள். "பிரேக் ஆயில் டாப்-அப்" என்று இருந்தால் அது மாற்றியதாக ஆகாது. பழையதை வெளியேற்றி நாலு சக்கரத்திலும் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றும் ப்ளீடிங் செய்திருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அல்லது 40,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அது. புதுசு தேன் நிறத்தில் இருக்கும். டப்பாவில் காப்பி டிகாக்‌ஷன்போல இருந்தால் தேதியைப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். நிறம் தெளிவாக இருப்பதால் ஈரம் இல்லை என்று ஆகாது, ஈரத்தை அளக்கும் பேனா மாதிரி டெஸ்டர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மூடி திறந்து மாதக்கணக்கில் வைத்த பாட்டிலை வாங்கி ஊற்றாதீர்கள். அதுவும் ஈரம் குடித்ததுதான். டப்பாவில் ஆயில் மட்டம் குறைந்திருந்தால் பேடு தேய்ந்ததாகவும் இருக்கலாம், கசிவாகவும் இருக்கலாம், ஊற்றி மறைக்காதீர்கள்.

இனி நியூட்ரல். இதைச் செய்கிறவர்கள் சொல்லும் ஒரே காரணம் பெட்ரோல் மிச்சம். கார்புரேட்டர் காலத்து மாருதி 800-ல் ஏதோ கொஞ்சம் மிச்சமானது உண்மை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டியில் கணக்கு தலைகீழ். கியரில் இருந்து, ஆக்சிலேட்டரில் கால் இல்லாமல், ஐடிலைவிட (சும்மா நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஆர்பிஎம் நன்றாக மேலே இருந்தால் இன்ஜெக்டர் எரிபொருளையே நிறுத்திவிடும். சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தன்னை உயிரோடு வைத்துக்கொள்ள மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவும் செய்து, பிரேக்கையும் கொளுத்தி வருகிறார்கள். சாவியை அணைத்துவிட்டு இறங்கும் மகான்களும் உண்டு. எஞ்சின் நின்றால், காலின் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்கு வாக்யூம் கிடைக்காது. சேர்ந்திருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான், அதற்குப்பின் பெடல் பாறை. ஸ்டியரிங்கும் கனக்கும். தொப்பூர் கணவாயில் லாரிகள் மோதும் செய்திகளில் திரும்பத் திரும்ப வருவதும் இதே நியூட்ரல்தான்.

சங்ககிரி லாரிக்காரர்களிடம் கேட்டால் ஒரே வரியில் சொல்வார்கள்: ஏறின கியரில் இறங்கு. காருக்கும் அதேதான். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே இரண்டாவதில் போட்டுவிடுங்கள். வளைவு செங்குத்தாக இருந்தால் முதல் கியர். ஆர்பிஎம் 2,500, 3,500 என்று போகட்டும், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. வேகம் கூடினால் மூன்று நான்கு விநாடி உறுதியாக மிதித்து 10, 15 கிலோமீட்டர் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். எடுத்திருக்கும் அந்த நேரத்தில்தான் டிஸ்க் காற்று வாங்கும். லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் பாவம்.

பெடல் பஞ்சானால்: வேகமாகப் பலமுறை அடித்து மிதியுங்கள், சில நேரம் கொஞ்சம் அழுத்தம் திரும்பும். கூடவே கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல மெல்ல இழுங்கள். கேபிளில் வேலை செய்யும் ஹேண்ட் பிரேக்குக்கு ஆயில் தேவையில்லை. ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழலும். அதுவும் போதாவிட்டால் மலைப்பக்கச் சரிவில் உரசவிடுங்கள். பெயின்ட் போனால் போகட்டும்.

ஏஎம்டி வண்டியை டி-யில் போட்டு இறங்குவது

ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்ததும், கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் பல ஏஎம்டி கியர் பெட்டிகள் சமதளம் என்று நினைத்து மேல் கியருக்குத் தாவிவிடும். எஞ்சின் பிரேக்கிங் காணாமல் போகும். "ஏஎம்டி வண்டிக்குப் பிரேக் மட்டம்" என்ற பேச்சு பாதி இங்கே பிறந்தது. கையால் கியர் மாற்றும் எம்-க்கு மாற்றி 2-ல் வைத்து இறங்குங்கள். சிவிடி வகை ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது எஸ். ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்து வண்டியைத் தாங்கிப் பிடிக்காதீர்கள், உள்ளே கிளட்ச் எரிந்துகொண்டிருக்கும். பிரேக்கில் நில்லுங்கள்.

மின்சாரக் காரை மேலே முழுக்கச் சார்ஜ் போட்டு இறங்குவது

இறக்கத்தில் மோட்டார் சக்தியை பேட்டரிக்குத் திருப்பி அனுப்பித்தான் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. பேட்டரி 100 சதவீதம் இருந்தால் வாங்கிக்கொள்ள இடமில்லை, அந்தப் பிடிப்பு குறைந்துவிடும் அல்லது இருக்கவே இருக்காது. ராத்திரி விடுதியில் சொருகிவிட்டுக் காலையில் இறங்குகிறவர்கள் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை புது பேடு, சனிக்கிழமை ஏற்காடு

வேண்டாம். ஊருக்குள் 200, 300 கிலோமீட்டர் ஓடிப் படியட்டும்.

புகைகிற டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவது

டிஸ்க் கோணும். அப்புறம் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடும். சூடான பிரேக்கில் ஹேண்ட் பிரேக்கையும் இறுக்காதீர்கள். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

மலைக்கென்று டயரில் காற்றைக் குறைப்பது

கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவுதான். ஐந்து பேர் என்றால் அதிலேயே அதற்கும் தனி அளவு இருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

குற்றம் யாருடையது என்று பார்க்காமலே பேசுவது

அடிவாரத்தில் இறங்கியதும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். தொட வேண்டாம், தோல் உரியும். முன்னால் இரண்டும் ஒரே அளவு கொதித்தால் அது ஓட்டியவர் கால். அடுத்த தடவை அதே ஆட்களையும் சாமானையும் வைத்து, நண்பரும் நீங்களும் வண்டியை மாற்றி ஓட்டிப் பாருங்கள், சூடும் ஆளோடு சேர்ந்து இடம் மாறியிருக்கும். ஒரு பக்கம் மட்டும் அனலாக, எதிர்ப்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பக்கம் பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் ஸ்லைடு பின் (pin) அல்லது பிஸ்டன் சிக்கிக்கொண்டிருக்கிறது. அப்போது தாராளமாகக் காரைத் திட்டலாம். திட்டிவிட்டு, கழற்றிச் சுத்தம் செய்து அந்த ஸ்லைடு பின்னுக்குக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். சாதாரணக் கிரீஸ் உருகி ரப்பரையும் ஊதவைக்கும், பிரேக்குக்கான சிலிகான் கிரீஸ்தான் வேண்டும்.